விடத் தெரிந்த கை

அன்றைக்குக் கிடங்கில் எட்டு லாரி. எட்டாவது லாரியின் கடைசி மூட்டையை இறக்கிவிட்டுத் தூண் நிமிர்ந்தபோது மணி நாலே கால். முகத்திலும் கழுத்திலும் ஒட்டியிருந்த சிமெண்டுத் தூசியைக் குழாயடியில் கழுவிக்கொண்டு, இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டபடி வீட்டுக்கு நடந்தான். தூண் என்பது கிடங்கில் வைத்த பெயர். ஒரு தடவை லாரியில் ஏறப் போட்ட பலகை முறிந்து முன்னால் போனவன் சரிந்தபோது, தன் முதுகு மூட்டையோடு அவன் மூட்டையையும் சேர்த்துத் தாங்கிக்கொண்டு அசையாமல் நின்றானாம். அன்றிலிருந்து பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது.

இடுப்பு விண்விண் என்று தெறித்தது. வழக்கமாக அங்கே ஒரு தோல் பட்டை இருக்கும். உள்ளங்கை அகலம். ஒன்பது வருஷம் வியர்வை குடித்து, அவன் இடுப்பின் வளைவெல்லாம் தன் மேல் வாங்கிக்கொண்ட பட்டை. கழற்றி ஆணியில் மாட்டினால்கூட ஆள் உள்ளே நிற்பதுபோல் வளைந்தே தொங்கும். கொக்கித் தையல் விட்டுப்போனதால், வேலை விட்டு வரும் வழியில் செருப்புத் தைப்பவரிடம் கொடு என்று காலையில் மனைவியிடம் கொடுத்தனுப்பியிருந்தான். பட்டைக்குப் பதில் துண்டு கட்டி எட்டு லாரி இறக்கியதில், வீடு எப்போது வரும் என்று இருந்தது அவனுக்கு.

எட்டுக் குடித்தனமும் ஒரு குழாயும் உள்ள வளாகம் அது. உள்ளே நுழையும்போதே குழாயடியில் கூட்டம். மாடிப்படியின் கடைசிப் படியில் அவன் மனைவி உட்கார்ந்திருந்தாள். காலில் ஒரு செருப்புதான் இருந்தது. யாரோ கொடுத்த தண்ணீர் டம்ளரைக் குடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில், தையல் கடை வைத்திருக்கும் தையலக்கா. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, அதில் தானே உட்கார்ந்திருந்தார்.

"வந்துட்டியாப்பா தூணு," என்றார் டிரைவர். "விஷயம் எங்களுக்கே இப்பத்தான் தெரியும். கிடங்குச் சுவத்துக்குப் பின்னால அந்தச் சந்துல, பட்டப்பகல்ல, ஒருத்தன் மடக்கிட்டானாம்."

"கத்தியைக் காட்டியிருக்கான் தம்பி," என்றாள் தையலக்கா. "பையை அவன் மேல வீசிட்டு ஓடியே வந்திருக்கா. செருப்பு ஒண்ணு அங்கயே கிடக்குதாம்."

தூண் மனைவியைப் பார்த்தான். வாயைத் திறந்தான்.

"பட்டை எங்க?"

இரண்டே சொல். யோசித்துச் சொன்னதில்லை. நாள் முழுக்க இடுப்பு கேட்டுக்கொண்டிருந்த கேள்வி, வாய் திறந்ததும் தானாக விழுந்துவிட்டது. அவள் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள். தெரியாத ஊரில் கதவு எண்ணைத் தேடுகிறவர்கள் பார்ப்பார்களே, அந்த மாதிரி.

"பையிலதான் இருந்துச்சு," என்றாள்.

"அப்படியே தூக்கிக் குடுத்துட்டியா?"

அதற்குப் பதிலை மற்றவர்கள் சொன்னார்கள். அந்த வளாகத்தில் யாருக்கும் வாய்க்குக் குறை கிடையாது.

"கத்தி எவ்ளோ நீளம் இருக்கும்?" என்று விசாரித்தார் டிரைவர்.

"அளந்து பாக்கலீங்க," என்றாள் அவள்.

"நானா இருந்தா செருப்பைக் கழட்டி ரெண்டு கன்னத்துலயும் வச்சிருப்பேன்," என்றாள் தையலக்கா. "விட்டிருக்கவே மாட்டேன். பொம்பளைன்னா அவ்ளோ இளக்காரமா?"

"மொளகாப் பொடி வச்சுக்கணும். ஒரு பொட்டலம் போதும்."

"சாவியை இப்படி விரலுக்கு நடுவுல பிடிச்சுக் குத்தணும்."

"கத்தியிருக்கலாமே, அந்தப் பக்கம் வொர்க்ஷாப்பு இருக்கே."

"கத்தினா கோவத்துல குத்திட்டான்னா?"

ஆளுக்கொன்று சொன்னார்கள். சந்தில் அவளைத் தவிர எல்லோரும் இருந்த மாதிரி இருந்தது. போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிடலாமா என்று அவள் மெதுவாகக் கேட்டாள். "ஒரு பழைய பட்டைக்கும் டிபன் டப்பாவுக்குமா? சிரிப்பாங்க," என்று சொல்லிவிட்டு மாடியேறிப் போனான் தூண். டம்ளர் தண்ணீரைக் குழாயடியில் கொட்டிவிட்டு, இருந்த ஒற்றைச் செருப்பையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அவளும் பின்னால் ஏறினாள்.

அவளுக்கு லாண்டிரியில் வேலை. ஆஸ்பத்திரிகள், விடுதிகளின் போர்வையும் தலையணை உறையும் மலைமலையாக வரும் இடம். காலை ஏழுக்குப் போனால் சாயங்காலம் நாலுக்கு விடுவார்கள். சந்து வழியாக வந்தால் வீடு கால் மணி நேரம். மறுநாளிலிருந்து அவள் பெரிய ரோட்டைச் சுற்றிக்கொண்டு முக்கால் மணி நேரம் நடந்தாள்.

நடை கூடியது மட்டுமில்லை, வீட்டில் பேச்சும் குறைந்தது. முன்பெல்லாம் வேலை விட்டு வந்ததும், அன்றைக்குத் தலையணை உறைகளுக்குள் கிடைத்ததை எல்லாம் சொல்லுவாள். ஒரு நாள் பல் செட்டு, ஒரு நாள் பாதி கடித்த பிஸ்கட், ஒரு நாள் "உன்னை மறக்க மாட்டேன்" என்று எழுதிய சீட்டு. "மறந்துட்டுத்தான் போயிருக்கான் பாருங்க," என்பாள். வாயில் சோற்றோடு சிரித்துத் தூணுக்குப் புரை ஏறும். இப்போது தட்டை வைத்தாள், பரிமாறினாள், ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். உறைகளுக்குள் ஒன்றுமே கிடைக்காமலா போயிருக்கும்?

அவனுக்கும் மனசு கேட்கவில்லை. ஆனால் கோணலாகத்தான் புரிந்துகொண்டான். பயந்துபோயிருக்கிறாள், பயத்தை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், அடிக்கச் சொல்லிக்கொடுத்தால் பயம் போய்விடும். இப்படிப் படிப்படியாக ஒரு கணக்குப் போட்டான். லீவு நாளில் கட்டிலைச் சுவரோடு தள்ளினான்.

"இங்க வா. நான்தான் திருடன். எதிர்ல வர்றேன். நீ என்ன பண்ணணும்?"

"கதவு உங்களுக்குப் பின்னால இருக்கா, எனக்குப் பின்னால இருக்கா?"

"உனக்குப் பின்னாலதான்."

"அப்போ திறந்துக்கிட்டு ஓடிடுவேன்."

"அட, ஓடுறதுக்கா கட்டிலைத் தள்ளிப் போட்டேன்? அடிக்கணும்மா. இங்க, வயித்துல. ஓங்கிக் குத்து."

"நீங்களே இடுப்புப் பிடிச்சுப் போய்த் தைலம் தேச்சுக்கிட்டு இருக்கீங்க. உங்களை எங்கன்னு குத்தறது?"

அவளுக்கு லேசாகச் சிரிப்புக்கூட வந்தது. அதைப் பார்த்ததும் அவனுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "சரி, பின்னாலருந்து பிடிக்கிறேன், முழங்கையால இடி," என்று சொல்லிக்கொண்டே சுற்றி வந்து தோளோடு சேர்த்து இறுக்கினான்.

முழங்கை வரவில்லை. அவன் கைக்குள் அவள் உடம்பு மரமாகிவிட்டது. மூச்சு நின்ற மாதிரி இருந்தது. ஈரப் போர்வையைச் சுருட்டி வைத்தால் எப்படிச் சில்லென்று கனக்குமோ அப்படிக் கனத்தாள். பயந்துபோய்க் கையை எடுத்தான். அவள் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே பேசினாள்.

"வேணாங்க. திருடனா நீங்க வராதீங்க. எனக்கு நீங்க நீங்களா இருந்தாப் போதும்."

தூண் கட்டிலைப் பழைய இடத்துக்கு இழுத்துப் போட்டான். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் மேல் வரவேண்டிய கரிசனம் முழுக்கத் திருடன் மேல் கோபமாகப் போய்ச் சேர்ந்தது. ஆம்பிளைக்கு இது ஒரு வசதி. வருத்தத்தை வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார முடியாது, கோபத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடலாம்.

மறுநாள் மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், சந்துக்குப் போனான். மூட்டையைக் குத்தி இழுக்கும் இரும்புக் கொக்கியை இடுப்புத் துண்டில் செருகியிருந்தான். ஒரு பக்கம் கிடங்கின் பின்சுவர், இன்னொரு பக்கம் ரயில் பாதைச் சுவர், நடுவில் இரண்டு ஆள் அகலம். சாப்பிட்டு முடித்த டப்பாவைப் பையில் போட்டு, அந்தப் பையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு, தூண்டிலில் புழு மாதிரி அங்கேயும் இங்கேயும் நடந்தான். கை எப்படி ஓங்கும், கொக்கி எங்கே பாயும், அவன் எப்படிக் காலைப் பிடிப்பான் என்று மனசுக்குள் ஒத்திகை ஓடியது. இரண்டு நாள் ஒரு பூனை மட்டும் வந்தது.

மூன்றாம் நாள் அவன் வந்தான். இருபத்தைந்து வயசுகூட இருக்காது. ஒட்டிய கன்னம், தூங்காத கண். கையில் இருந்தது பழம் நறுக்கும் கத்தி.

"பையை விடு," என்றான்.

தூணின் ஒத்திகை எல்லாம் எங்கோ போய்விட்டது. காதில் இரைச்சல். கால் தரையில் இருக்கிறதா என்பதே தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது, பையின் காதைப் பிடித்திருந்த விரல்கள் மடங்கிவிட்டன. மூட்டை தூக்குகிறவனுக்கு முதல் நாளில் சொல்லிக்கொடுப்பது ஒரே பாடம்தான். பலகையில் வரிசையாக ஏறும்போது உயிரே போனாலும் பிடியை விடாதே, விட்டால் பின்னால் வருகிறவன் தலையில் விழும். முப்பது வருஷமாக அந்தப் பாடத்தை விரல்கள் படித்திருந்தன. தூக்கத்தில்கூடப் போர்வை முனையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிடக்கும் விரல்கள். இப்போது அவனே விடு என்று சொல்லியிருந்தாலும் கேட்டிருக்காது.

அந்தப் பையன் இழுத்தான். விரல் திறக்கவில்லை. இன்னும் இழுத்தான், பிறகு பயந்துபோய்க் கத்தியை வீசினான். முன்கையில் ஏதோ சூடாக ஓடியது. சிவப்பைக் கண்டதும் பையனே "ஐயோ" என்று கத்திவிட்டுத் திரும்பி ஓடினான். தூண் நின்றபடியே நின்றான். பை கையில் பத்திரமாகத் தொங்கியது. கொக்கி இடுப்பில் பத்திரமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் பதினொரு தையல். தைத்த நர்ஸ் பேச்சை நிறுத்தாத ஆள்.

"அப்படி என்ன வச்சிருந்தீங்க பையில?"

"டப்பா."

"சாப்பாடா?"

"சாப்பிட்டாச்சு."

"அப்போ காலி டப்பாவா?"

"கழுவாத டப்பா," என்றான் தூண், பொய் சொல்லத் தோன்றாமல்.

நர்ஸின் ஊசி ஒரு நொடி நின்றது. "இன்னும் ஒரு நூல் உள்ள போயிருந்தா நரம்பு அண்ணே. அப்புறம் மூட்டை என்ன, கரண்டிகூடப் பிடிக்க முடியாது. கழுவாத டப்பாவுக்கு! வீட்டுல சோப்பு இல்லையா?"

அப்போதுதான் மனைவி உள்ளே ஓடி வந்தாள். லாண்டிரி ஏப்ரன்கூட அவிழ்க்கவில்லை, அதில் ஈரம் சொட்டியது. ஒன்றும் கேட்கவில்லை. முகத்தைத் தொட்டாள், கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள், தோள், விலா, முதுகு என்று இரண்டு கையாலும் தடவிக்கொண்டே வந்தாள். வேலையில் போர்வையை விரித்துக் கிழிசல் தேடுவாளே, அதே கை. கட்டுப் போட்ட இடத்துக்கு வந்ததும் கை நின்றது. வேறெங்கும் இல்லை என்று தெரிந்தபிறகுதான் மூச்சை விட்டாள்.

கிடங்கிலிருந்து ஆள் போய்ச் சொல்லி இன்னும் பத்து நிமிஷம் ஆகியிருக்காது. தூணுக்கு அது உறைத்தது. "எந்த வழியா வந்தே?"

"எந்த வழின்னு பாத்துக்கிட்டா வந்தேன்?" என்றாள்.

சந்து வழியாகத்தான் வந்திருக்கிறாள். அவள் ஏப்ரன் ஓரத்தில் சுவரின் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

வளாகத்தில் அன்று சாயங்காலம் தூணுக்கு ராஜமரியாதை. டிரைவர் தன் நாற்காலியிலிருந்து எழுந்து அவனை உட்கார வைத்தார். கிடங்கு ஆட்கள் பழம் வாங்கி வந்தார்கள். "சிங்கம்யா! கத்திக்கு முன்னால பையை விடல பாரு!" என்று தோளில் தட்டினார்கள், தட்டும்போது தையல் இழுத்தது. மறைப்பானேன், அவனுக்கும் பிடித்துத்தான் இருந்தது. முதல் தடவை சொல்லும்போது கத்தி விரல் நீளம் இருந்தது. மூன்றாம் தடவை அரை முழம் ஆயிற்று. ஐந்தாம் தடவை வந்தவன் கதவு அகலத்துக்கு வளர்ந்து, ஓடும்போது இரண்டு தடவை விழுந்து எழுந்தான்.

மனைவி படியோரம் நின்று ஐந்து தடவையும் கேட்டாள்.

மறுநாள் லாண்டிரியில் அவளுக்கும் லீவு கொடுத்துவிட்டார்கள். வலது கை கட்டுக்குள் இருந்ததால் மத்தியானச் சாப்பாட்டை அவளே பிசைந்து ஊட்டினாள். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவனுக்கு இது முதல் தடவை. வெட்கத்தில் வாயைச் சின்னதாகத் திறந்தான்.

"நல்லா திறங்க. சிங்கத்துக்கு இவ்ளோதான் வாயா?" என்றாள்.

சிரித்தான். இரண்டு வாய் போனபிறகு அவள் கேட்டாள். "கொக்கி எடுத்துட்டுப் போனீங்களாமே. எங்க இருந்துச்சு?"

"இடுப்புல."

"எடுக்கலையா?"

தூண் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான். அவளிடம் கத்தியின் நீளத்தைக் கூட்டிச் சொல்ல முடியவில்லை. "ஞாபகமே வரலம்மா. வெரலு திறக்க மாட்டேன்னுருச்சு. நானா நிக்கல. நின்னுட்டேன்."

அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

"எங்க லாண்டிரில சூட்டு உருளை இருக்குல்ல. ரெண்டு உருளைக்கு நடுவுல ஈரப் போர்வையைக் குடுத்தா அந்தப் பக்கம் காஞ்சு வரும். சில சமயம் கோணலாப் போய் மாட்டிக்கும். புதுசா வர்றவங்க, போர்வை கிழிஞ்சிடுமேன்னு பிடிச்சு இழுப்பாங்க. அப்படி இழுத்து ரெண்டு வெரலைப் பறிகுடுத்தவங்க இன்னிக்கும் எங்ககூட வேலை பாக்குறாங்க. சேந்த அன்னிக்கே சொல்லிடுவாங்க, மாட்டிக்கிச்சுன்னா விட்டுடு, போர்வை ஆயிரம் வரும்னு. பதினாலு வருஷமா விட்டு விட்டுத்தாங்க என் கை பழகியிருக்கு. அவன் பையைப் பிடிச்சான், என் கை விட்டுருச்சு. அவன் முகத்துல வீசிட்டு, ஆள் சத்தம் கேக்குற பக்கமா ஓடினேன். உங்க வெரல் மூடிக்கிச்சு, என் வெரல் திறந்துக்கிச்சு. அதுல நீங்க எப்படிச் சிங்கம், நான் எப்படிக் கோழை?"

"நான் கோழைன்னு சொல்லலையே..."

"அவன் பையைத்தான் கேட்டான், குடுத்தேன். என்னைக் கேட்டிருந்தா கடிச்சிருப்பேன், கண்ணைத் தோண்டியிருப்பேன், கையில கிடைச்சதை எடுத்து அடிச்சிருப்பேன். ஜெயிக்கிறதுக்கு இல்ல, பிடி விடுற வரைக்கும். விட்டதும் ஓடியிருப்பேன். எனக்குத் தெரியாதா என் உசுரை எப்படிக் காப்பாத்தணும்னு?" குரல் உடைந்தது. "கத்தியைப் பாத்தப்ப என் காலு நடுங்கலைங்க. அவ்ளோ தூரம் ஓடி வந்து இந்தப் படியில உக்காந்தப்பகூட நடுங்கல. 'பட்டை எங்க'ன்னு கேட்டீங்க பாருங்க, அப்பத்தான் நடுங்க ஆரம்பிச்சுது."

தூணால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எத்தனையோ பாரம் தூக்கியிருக்கிறான். முதுகில் ஏறியதும் இது எத்தனை கிலோ என்று சொல்லிவிடுவான். இந்தச் சொல்லின் கனம் அவனுக்குப் பிடிபடவில்லை. இடது கையை நீட்டி அவள் கையைப் பிடித்தான். சோற்றுப் பருக்கை ஒட்டிய கை. அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

"சாப்பாடு ஆறிடும்," என்றாள்.

சாயங்காலம் குழாயில் தண்ணீர் வரும் நேரம். வாளியை எடுத்துக்கொண்டு அவள் கீழே இறங்கினாள். கட்டுக் கையோடு தூண் மாடித் தடுப்பில் சாய்ந்து நின்றான். கீழே பேசுவதெல்லாம் கேட்டது.

"வாடியம்மா, வீரன் பொண்டாட்டி," என்றாள் தையலக்கா. கேலிதான், கெட்ட மனசு கிடையாது. "அன்னிக்கு உன் புருஷன் மாதிரி நீயும் ரெண்டு நிமிஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னிருந்தா அந்தப் பட்டை போயிருக்குமா? பாவம், மனுஷன் துண்டைக் கட்டிக்கிட்டு வேலைக்குப் போறாரு."

"அதானே," என்றார் டிரைவர்.

அவள் வாளியைக் குழாய்க்கடியில் வைத்தாள். வாளி நிறைவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தூண் மேலே நின்றபடி எல்லோரையும் பார்த்தான். சும்மா இருந்துவிட்டால் போதும். சிங்கம் சிங்கமாகவே இருக்கலாம், கிடங்கில் பேர் இன்னும் பத்து வருஷத்துக்குத் தாங்கும். அதற்கு ஆகும் செலவெல்லாம் கீழே குனிந்து நிற்கிறவளுடையது. படியில் இறங்கினான். எப்போதும் இரண்டு இரண்டு படியாக இறங்குகிறவன், ஒவ்வொரு படியாக இறங்கினான்.

"டிரைவரண்ணே, நேத்து நான் சொன்னதுல பாதி பொய்," என்றான்.

எல்லோர் தலையும் அவன் பக்கம் திரும்பியது.

"அவன் கதவு அகலமெல்லாம் இல்ல. என் தோளுக்குக்கூட வரமாட்டான். கத்தி பழம் நறுக்குற கத்தி. நான் வீரமா நிக்கல. பயத்துல கை வெரச்சுப்போச்சு, பையை விடத் தெரியல. கொக்கி இடுப்புல இருந்தது ஞாபகமே வரல. பதினொரு தையல் போட்டு நான் காப்பாத்திக்கிட்டு வந்தது ஒரு கழுவாத டிபன் டப்பா. இன்னும் ஒரு நூல் உள்ள போயிருந்தா இந்தக் கையே போயிருக்கும்னு நர்ஸம்மா சொல்லுது. இவ என்ன பண்ணா? அவன் கேட்டதை அவன் மேலயே வீசிட்டு, கீறல் இல்லாம வீடு வந்து சேந்தா. எங்க ரெண்டு பேர்ல யாரு சரியாப் பண்ணது, நீங்களே சொல்லுங்க."

வாளி நிறைந்து வழிந்தது. குழாயை மூட யாருக்கும் தோன்றவில்லை.

"அதுகூடப் பரவாயில்ல. சிக்கினவங்களுக்கு அந்த நேரத்துல கை எப்படிப் போகுமோ அப்படித்தான் போகும். நாம அங்க இல்ல. இங்க உக்காந்துக்கிட்டு ஏன் அடிக்கல, ஏன் கத்தலன்னு கேக்குறோம். கத்தியோட வந்தவனை விட்டுட்டோம், தப்பிச்சு வந்தவளை நிக்க வச்சு விசாரிக்கிறோம். முதல்ல கேட்டது நான்தான். பட்டையைக் கேட்டேன். உனக்கு ஏதாவது ஆச்சான்னு கேட்டிருக்கணும். ஆபத்துல மாட்டி வந்தவங்களைக் கேக்க வேண்டியது அது ஒண்ணுதான். எனக்குத் தெரியாமப் போச்சு."

சொல்லிவிட்டுக் குனிந்து, இடது கையால் குழாயை மூடினான். அவள் அவனைப் பார்த்தாள். அன்றைக்குப் பிறகு இப்போதுதான் அந்தப் பார்வை அவனைத் தன் ஆள் என்று கண்டுகொண்டது.

ஒரு குடம் தரையில் இடிபட்டது. தையலக்கா அதைக் கீழே வைத்திருந்தாள், வைத்தாளா தவறவிட்டாளா என்று தெரியவில்லை.

"எனக்கும் நடந்துச்சு," என்றாள். அவள் குரலே இல்லை அது. "மூணு வருஷம் ஆச்சு. கடைக்குள்ள வந்து ஷட்டரைப் பாதி இழுத்து விட்டுட்டான். வளையலைக் கழட்டுன்னான். கழட்டிக் குடுத்தேன். கத்தல, அடிக்கல, ஒண்ணுமே பண்ணல. என் கையில அப்போ துணி வெட்டுற பெரிய கத்திரி இருந்துச்சு. கத்திரியை வச்சுக்கிட்டே வளையலைக் கழட்டிக் குடுத்தேன். தொலைஞ்சு போச்சுன்னு வீட்டுல சொல்லிட்டேன். சொன்னா சிரிப்பாங்களேன்னுதான்..." குனிந்து குடத்தை நிமிர்த்தி வைத்தாள். "செருப்பைக் கழட்டி அடிச்சிருப்பேன்னு வாய் கிழியச் சொல்லிக்கிட்டுத் திரியறேன். அன்னிக்கு அடிக்காததை இன்னும் அடிச்சுக்கிட்டே இருக்கேன்."

டிரைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தூண் கையைக் காட்டி அவரை நிறுத்தினான்.

"உங்களுக்கு அடி ஏதும் பட்டுச்சாக்கா?" என்று கேட்டான்.

தையலக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். இல்லை என்று தலை மட்டும் ஆடியது. "கைதான். மூணு நாள் ஊசியில நூல் கோக்க முடியல. யாருமே கேக்கல."

தூணின் மனைவி வாளியைத் தாண்டிப் போய், அந்தக் கை இரண்டையும் எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"கத்திரி இருந்தும் எடுக்காததாலதான் நீங்க இன்னிக்கு இங்க நின்னு எங்களைக் கேலி பண்ணிக்கிட்டு இருக்கீங்களோ என்னவோ, யாருக்குத் தெரியும்? குடுத்தோ, ஓடியோ, கடிச்சோ, பேசாம நின்னோ, உசுரோட வீடு வந்து சேந்தவங்க யாரும் தோத்தவங்க இல்லக்கா. வெக்கப்பட வேண்டியவன் கத்தியோட வந்தவன், நாம இல்ல. நாம வெக்கப்பட்டு வாயை மூடிக்கிட்டோம்னா, அவன் அடுத்த ஆளுக்காக அதே சந்துல நிப்பான். நாளைக்கு நாங்க ரெண்டு பேரும் ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கப் போறோம். நீங்களும் வாங்க."

தையலக்கா மூக்கை உறிஞ்சினாள். குடத்தை எடுத்துக் குழாய்க்கடியில் வைத்து, திருகைத் திறந்தாள்.

"எத்தனை மணிக்கு?" என்றாள்.